யானையின் மறுபக்கம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க, ஏறக்குறைய பேசியபடியே எழுதித் தரப்பட்டுள்ளது.)



"சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம்தான் தம்பி, அதற்குள் முடிச்சிடணும்" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பந்தியில் இலை போடும் சத்தம் இங்கேயே கேட்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்கம் இந்த ஆண்டு பக்கத்திலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு நல்ல காரியம் செய்யத் தீர்மானித்திருக்கிறது. நிதியும் சேர்ந்துவிட்டது. அதைக்கொண்டு, கண்ணில் மாட்டிக்கொள்ளும் வெர்ச்சுவல் ரியாலிட்டி கருவிகள் பத்து வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. "பிள்ளைகளுடைய கற்பனை வளரும்" என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மாலையில் பொதுக்குழு கூடி முடிவெடுக்க வேண்டும். "நீ சென்சார் வேலை பார்க்கிறவன், இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்லு" என்று என்னை மேடை ஏற்றிவிட்டார்கள்.

கற்பனை வளரும் என்கிறோமே, யாருடைய கற்பனை? படம் செய்தவருடையதா, பார்க்கிற பிள்ளையுடையதா? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இந்தக் கருவிகளைக் கொண்டு கலை செய்தவர்கள் உலகத்தில் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்தாலே இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் குழந்தையைப் பார்ப்போம். கருவி பிறகு.

நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டால் பஸ். முன்னால் இருப்பவன் டிரைவர், பின்னால் விசில் ஊதுகிறவன் கண்டக்டர். சொப்புச் சட்டியில் மண்ணைப் போட்டால் சாம்பார் சாதம். அதை நம்மிடம் நீட்டினால் வாயருகே கொண்டுபோய் "ஆஹா, உப்பு சரியா இருக்கு" என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் கோபம் வரும். சாப்பிட்டால் அதைவிடக் கோபம் வரும்! அது மண் என்று குழந்தைக்குத் தெரியும். சாம்பார் சாதம் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்திருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் நடக்கிற மெய்நிகர் உலகம் இது.

நம் தமிழ்ப் புலவர்கள் இதை எப்போதோ கவனித்து வைத்தார்கள். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் காலால் உதைக்க வருகிறான். "வேண்டாம், சிதைக்காதே" என்று கெஞ்சுகிறார்கள். பெரியவர் கண்ணுக்கு அது மணல். கட்டியவளுக்கு வீடு. அம்புலிப் பருவத்திலோ, வானத்து நிலாவையே கீழே இறங்கி விளையாட வரச் சொல்கிறார்கள். வராவிட்டால் மிரட்டுகிறார்கள்! கண்ணெதிரே உள்ள உலகத்தின்மேல் கற்பனையை ஏற்றி வைப்பதற்கு இன்றைக்கு 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயர் வைத்திருக்கிறோம். தமிழில் மிகைமெய் என்கிறார்கள். பெயர்தான் புதுசு.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-ல் லெனின்கிராடில் குழந்தை விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் குச்சிக் குதிரையைப் பற்றிச் சொல்கிறார். குழந்தைக்குக் குச்சி ஏன் குதிரையாகிறது? குதிரையைப் போல இருப்பதாலா? துளிக்கூட இல்லை. அதைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஓட முடிகிறது, அதனால்தான். அச்சு அசலாகக் குதிரை படம் போட்ட ஒரு தபால் அட்டையைக் கொடுத்தால் அதன்மேல் ஏற முடியாது.

நாம் இஞ்சினியர்கள். இதை ஒரு ஸ்பெசிஃபிகேஷன் மாதிரி எழுதிக்கொள்வோம். ஒன்று, பொருள் உடம்போடு சேர வேண்டும். ஏற, தூக்க, ஓட முடிய வேண்டும். இரண்டு, அது முழுசாக முடிந்துவிட்ட பொருளாக இருக்கக் கூடாது. கண், காது, வால் எல்லாவற்றையும் குழந்தையே போட்டுக்கொள்ள இடம் வேண்டும். இந்த இரண்டு அளவுகோலையும் கையில் வைத்துக்கொண்டு கருவிப் பக்கம் போவோம்.

நம்மில் பலர் சின்ன வயதில் வியூமாஸ்டர் பார்த்திருப்போம். வட்டத் தகட்டைச் செருகி, கண்ணில் வைத்து, பக்கத்து விசையை அழுத்தினால் ஒவ்வொரு படமாக மாறும். 1939-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு தகட்டில் 14 சின்னப் படங்கள். ஆனால் பார்ப்பது 7 காட்சிதான். ஏனென்றால் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி எடுத்த இன்னொன்று. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இந்தச் சூத்திரத்தை இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கி எழுதிவிட்டார். நம் லேபில் எல்லோரையும் படுத்திய வீட்ஸ்டன் பிரிட்ஜுக்குப் பெயர் தந்த அதே வீட்ஸ்டன்தான்!

வியூமாஸ்டரில் ஒரு குறை. தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். அதைச் சரிசெய்தவர் அமெரிக்காவின் ஐவன் சதர்லேண்ட். 1968-ல் அவர் செய்து காட்டிய கருவியில், தலையில் மாட்டும் சட்டத்தில் இரண்டு குட்டி பிக்சர் டியூப்கள் இருந்தன. விதானத்திலிருந்து ஒரு தண்டு இறங்கித் தலையோடு இணைந்திருந்தது. தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தண்டு அளந்து சொல்லும். கம்ப்யூட்டர் அதற்கேற்பக் கோடுகளை மாற்றி வரையும். அறையும் தெரியும், அறைக்கு நடுவே ஒளிக்கோட்டால் ஆன கனசதுரமும் மிதக்கும். நடந்து சுற்றிப் போனால் அதன் அடுத்த பக்கம் தெரியும்.

அந்தக் கனசதுரம் வெறும் கம்பிச் சட்டம். முன்பக்கக் கோடும் தெரியும், பின்பக்கக் கோடும் தெரியும். பின்னால் மறைய வேண்டிய கோட்டைக் கணக்குப் போட்டு மறைக்கும் வேகம் அன்றைய கம்ப்யூட்டருக்கு இல்லை. நமக்கு முதல் வருஷ இஞ்சினியரிங் டிராயிங் ஞாபகம் வருகிறதல்லவா? தோளில் டிராஃப்டரை மாட்டிக்கொண்டு போனோமே! கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்கு முழுக்கோடு. மறைந்த விளிம்புக்கு விட்டு விட்டுக் கோடு. மறைந்த பக்கம் என்ற ஒன்றை மறந்துவிடாதே என்று அந்தப் பாடம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. இன்றைய பேச்சு முழுக்க அந்த மறைந்த பக்கத்தைப் பற்றியதுதான்.

1980களில் ஜாரன் லேனியர் என்பவர் மூலமாக 'வெர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற பெயர் பரவியது. 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயர் 1990 வாக்கில் போயிங் விமானக் கம்பெனியில் பிறந்தது. விமானத்துக்குள் போகும் ஒயர் கட்டுகளைப் பலகையில் பரப்பிக் கட்டும் தொழிலாளிக்கு, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பதைக் கண்ணாடி வழியே அந்த இடத்திலேயே காட்டலாம் என்று டாம் காடல் என்ற ஆராய்ச்சியாளர் யோசித்தார். ஒயரிங் வேலைக்குப் பிறந்த பெயர் இன்று பிள்ளைகளின் விளையாட்டுவரைக்கும் வந்துவிட்டது. நம் எலெக்ட்ரிகல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இனிக் கலைஞர்களுக்கு வருவோம்.

அமெரிக்காவில் மைரன் க்ரூகர் என்பவர் 1970களின் நடுவிலிருந்து 'வீடியோபிளேஸ்' என்ற ஒன்றைச் செய்தார். தலையில் எதையும் மாட்டுவதில்லை. சும்மா அறைக்குள் போய் நின்றால் போதும். கேமரா நம் உருவத்தைப் பிடித்து, எதிரே உள்ள திரையில் நிழலாகக் காட்டும். அந்தத் திரையில் கிரிட்டர் என்று ஒரு குட்டிப் பிராணி, நாலு கோட்டில் வரைந்த மாதிரி. அது நம் நிழலிடம் வரும். கையை நீட்டினால் பிடித்துத் தொங்கும். உடம்பின்மேல் ஏறித் தலைக்குப் போய்க் குதித்து ஆடும். கரண்ட் இல்லாத ராத்திரியில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் சுவரில் மானும் நாயும் காட்டினோமே, அதற்குத் தங்கச்சி என்று சொல்லலாம். நான் சொன்ன இரண்டு அளவுகோலுக்கும் இது சரியாக நிற்கிறது. உடம்பு வேலை செய்கிறது. பிராணி நாலே கோடு, மீதி நம் மனசு.

அடுத்தவர் கனடாவின் ஷார் டேவிஸ். ஓவியர். 1995-ல் மான்ட்ரியலில் 'ஓஸ்மோஸ்' என்ற படைப்பைக் காட்டினார். தலையில் கருவி, மார்பில் ஒரு கச்சு. கச்சில் உள்ள சென்சார் மூச்சை அளக்கும். மூச்சை உள்ளே இழுத்தால் மேலே மிதப்பீர்கள். வெளியே விட்டால் கீழே இறங்குவீர்கள். உடம்பைச் சாய்த்தால் அந்தப் பக்கம் நகர்வீர்கள். கையில் குச்சியும் இல்லை, பொத்தானும் இல்லை. டேவிஸ் ஸ்கூபா டைவிங் பழகியவர். தண்ணீருக்கடியில் மூச்சாலேயே ஏறி இறங்கும் அனுபவத்திலிருந்து இதை எடுத்துக்கொண்டார்.

உள்ளே போனால் ஒரு காட்டு வெளி, ஒரு மரம், ஒரு குளம், மண்ணுக்கடியில் வேர்கள். இலைக்குள்ளேயே புகுந்து வெளியே வரலாம். எதற்கும் கெட்டியான விளிம்பு கிடையாது. எல்லாம் பனிமூட்டம் போலக் கலங்கி, ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவித் தெரியும். அன்றைக்கு மிக விலையுயர்ந்த சிலிக்கன் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டர் அவர் கையில் இருந்தது. பளபளவென்று நிஜம் போலக் காட்டியிருக்கலாம். வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் தெளிவில்லாமல் விட்டால்தான் பார்க்கிறவர் மனசு உள்ளே வந்து உட்காரும் என்பது அவருடைய கணக்கு. உள்ளே போய் வந்த பெரியவர்கள் சிலர் கண்கலங்கி நின்றதாகப் பதிவாகியிருக்கிறது. உடம்பை மறந்து மூச்சோடு விளையாடுவதை நாமெல்லாம் எந்த வயதில் விட்டோம் என்று யோசித்துப் பாருங்கள், அந்தக் கண்ணீர் புரியும்.

மூன்றாவது, வரைவது. 2016-ல் கூகுள் 'டில்ட் பிரஷ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, கையால் காற்றில் கோடு இழுத்தால் கோடு அங்கேயே நிற்கும். 2021-ல் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள். வெளியாவதற்கு முந்தைய ஆண்டே, 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் ஏரியல் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்த கிளென் கீன் என்ற அனிமேஷன் ஓவியர், அதே ஏரியலை ஆள் உயரத்துக்குக் காற்றில் வரைந்து காட்டினார். வருஷக்கணக்காகக் காகிதத்தில் வரைந்தவர், தான் வரைந்த உருவத்தைச் சுற்றி நடக்கிறார். அங்கே முதுகும் வேண்டும், பின்னங்கூந்தலும் வேண்டும். மறைந்த பக்கத்தையும் வரைந்தவரே வரைய வேண்டியிருந்தது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

2015-ல் டிஸ்னி ரிசர்ச் குழுவினர் சுவிட்சர்லாந்தில் ஒரு வேலை செய்தார்கள். குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம்தான். பக்கத்தில் ஓர் உருவத்தின் வெளிக்கோடு இருக்கும். குழந்தை கிரையானால் வண்ணம் தீட்டும். டேப்லெட்டின் கேமராவை மேலே காட்டினால், அதே உருவம் முப்பரிமாணத்தில் எழுந்து நின்று ஆடும், குழந்தை தீட்டிய அதே வண்ணத்தோடு. தீட்டத் தீட்ட உடனுக்குடன் மாறும்.

இதில் ஒரு சிக்கல். யானை என்றே வைத்துக்கொள்வோம். காகிதத்தில் தெரிவது யானையின் ஒரு பக்கம்தான். குழந்தை அதற்கு ஊதா தீட்டிவிட்டது. யானை எழுந்து திரும்பினால் மறுபக்கத்துக்கு என்ன வண்ணம்? காகிதத்தில் அது இல்லவே இல்லை. அந்தக் குழுவினரின் முக்கியமான வேலையே இதுதான். தீட்டிய பகுதியிலிருந்து வண்ணத்தை எடுத்து, தெரியாத பகுதிக்கு ஒட்டுத் தெரியாமல் நிரப்பும் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். இஞ்சினியர் என்ற முறையில் எழுந்து நின்று கைதட்டுகிறேன். அருமையான தீர்வு.

ஆனால் ஐந்து வயசுப் பிள்ளையிடம், "கண்ணு, யானைக்கு அந்தப் பக்கம் என்ன கலர்?" என்று கேட்டுப் பாருங்களேன். "அந்தப் பக்கம் அதுக்குப் புண்ணு, அதனால செவப்பு" என்று சொல்லலாம். "அந்தப் பக்கம் ராத்திரி, அதனால கறுப்பு" என்று சொல்லலாம். "அந்தப் பக்கம் எங்க பாட்டி உக்காந்திருக்கு" என்றும் சொல்லலாம். எந்தக் கணக்கும் இந்தப் பதிலைத் தராது. குழந்தையின் கற்பனை குடியிருக்கும் இடமே அந்த மறுபக்கம்தான். கருவி அதைத் தானே நிரப்பிவிட்டால் படம் அழகாக முடிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

இதைவிட எளிமையான ஒன்று ஜப்பானில் நடக்கிறது. டோக்கியோவில் 2001-ல் தொடங்கிய டீம்லேப் என்ற குழுவினர் 2013-ல் 'ஸ்கெட்ச் அக்வேரியம்' என்ற படைப்பைச் செய்தார்கள். குழந்தை காகிதத்தில் மீனுக்கு வண்ணம் தீட்டுகிறது. காகிதத்தை ஸ்கேனரில் வைத்ததும், அந்த மீன் சுவர் முழுக்கப் பரந்த கடலில் போய் நீந்துகிறது. மற்றப் பிள்ளைகள் வரைந்த மீன்களும் அங்கே நீந்துகின்றன. கிட்டே போய்த் தொட்டால் விலகி ஓடும்; இரைப் பையைத் தொட்டால் இரை விழும். கோணல் மீன், மூன்று கண் மீன் எல்லாமே நீந்தும். யாருடையதும் தப்பில்லை. தலையில் ஒன்றும் மாட்டாததால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். "அது என் மீன்!" என்று கத்துகிறார்கள். அப்படிக் கத்துவதற்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை நிற்க வேண்டுமே! முகத்தை மூடிய கருவிக்குள் அது கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த போக்கிமான் கோ. 2016 ஜூலையில் வந்தது. போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, சின்ன வயதில் டோக்கியோவின் புறநகரில் வண்டும் பூச்சியும் பிடித்துத் திரிந்தவர். ஊர் வளர்ந்து வயலும் குளமும் மறைந்தன. பூச்சி தேடிய அந்தச் சந்தோஷத்தைத்தான் 1996-ல் விளையாட்டாகச் செய்து கொடுத்தார். இருபது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்கள். உடம்பு வேலை செய்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே கிடைக்கிற பிராணி தஜிரி குழுவினரின் கற்பனை. வாலும் நிறமும் பெயரும் முன்கூட்டியே முடிவானவை. தஜிரிக்குக் கிடைத்தது வயல். விளையாடுகிறவருக்குக் கிடைப்பது அவருடைய வயலின் படம்.

அப்படியானால் தலையில் மாட்டும் கருவியால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது பெரியவர்களுக்கு.

'வுல்வ்ஸ் இன் தி வால்ஸ்' என்று ஒரு படக்கதை, நீல் கெய்மன் எழுதி டேவ் மெக்கீன் படம் போட்டு 2003-ல் வந்தது. லூசி என்ற சிறுமிக்கு வீட்டுச் சுவருக்குள் ஓநாய்கள் இருக்கும் சத்தம் கேட்கிறது. வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஃபேபிள் என்ற குழுவினர் இதை மெய்நிகர் படைப்பாக்கினார்கள். முதல் பகுதி 2018-ல் வெளியானது, 2019-ல் எம்மி விருதும் பெற்றது. அதில் நாம் யார் தெரியுமா? லூசியின் கற்பனைத் தோழர்! அவள்தான் நம்மை வரைந்து உண்டாக்குகிறாள். நம்மிடம் பேசுகிறாள், நம்மைப் பார்த்துப் பதில் எதிர்பார்க்கிறாள். நாமும் அவள் உயரத்தில் நிற்கிறோம். பெரியவர்கள் "சும்மா இரு, சுவருக்குள்ள என்ன ஓநாய்" என்று சொல்லும்போது, அந்தச் சொல் கீழே நிற்கிறவர் காதில் எப்படி விழுகிறது என்பது தெரிகிறது.

ஒரு பிள்ளைக்கு இந்த அனுபவம் தேவையில்லை. அது தினமும் அங்கேதான் நிற்கிறது. ஒரு அப்பாவுக்குத் தேவை. ஒரு டீச்சருக்குத் தேவை. ஆபீசிலிருந்து வந்ததும் "அப்புறம் சொல்லு" என்று சொல்கிற நம் எல்லோருக்கும் தேவை. ஷார் டேவிஸின் மூச்சுக் காடும் பெரியவருக்கான மருந்துதான். இழந்தவருக்குத்தான் மீட்கக் கருவி வேண்டும். இன்னும் இழக்காதவருக்கு எதற்கு?

இன்னொரு முக்கியமான விஷயம், கண். பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. கருவியின் லென்ஸ்கள் பெரியவர் அளவுக்குச் செய்தவை. அடுத்து, நிஜ உலகில் கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், கண்ணின் லென்சும் அதே தூரத்துக்குக் குவியும். கருவிக்குள் கண் திரும்பும். குவிய வேண்டிய தூரமோ எப்போதும் ஒன்றேதான். இரண்டும் ஒத்துப்போகாது. போதாக்குறைக்கு, தலை திரும்பியபின் படம் திரும்ப ஏறத்தாழ 20 மில்லி செகண்டுக்கு மேல் தாமதமானால் பலருக்கும் தலை சுற்றிக் குமட்டும். தயாரிப்பாளர்களே வயது வரம்பும் போட்டிருக்கிறார்கள். சோனி தன் கருவிக்கு 12 வயது என்றது. மெட்டா 13 என்று வைத்திருந்து, 2023-ல் பெற்றோர் மேற்பார்வையில் 10 வயதுவரை இறக்கியது. நம் பள்ளியில் படிப்பவர்கள் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை. பெட்டியின்மேல் "உனக்கில்லை" என்று அச்சடித்த பொருளை நாம் அந்தப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?

நேற்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சீனியர் அண்ணன் சூடாகவே கேட்டார்: "சிட்டியில பெரிய ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்குது. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்னு சொல்ல நீ யாருடா?" நியாயமான கேள்வி. அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் அன்புக்குத் தலை வணங்குகிறேன். இந்தத் தொழில்நுட்பம் நம் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எந்த முனையைக் கொடுக்கிறோம் என்பதில்தான் என் கவலை. பார்க்கிற முனையைக் கொடுத்தால் யாரோ ஒருவர் எங்கேயோ செய்து முடித்ததை நம் பிள்ளை பார்க்கும். செய்கிற முனையைக் கொடுத்தால் நம் பிள்ளை செய்ததை ஊரே பார்க்கும்.

ஆகவே மாற்று யோசனையாக ஒன்றை முன்வைக்கிறேன்.

பள்ளியின் பெரிய வகுப்பறையில் ஒரு சுவரை வெள்ளையடித்துக்கொள்வோம். ஒரு புரொஜெக்டர், ஒரு சாதாரண வெப்கேமரா, ஒரு கம்ப்யூட்டர். மீதிப் பணத்துக்குக் காகிதமும் கிரையானும், நிறைய, பல வருஷத்துக்கு வருகிற மாதிரி. காகிதத்தின் நாலு மூலையிலும் கறுப்புச் சதுரம் அச்சடித்துவிடுவோம். கேமரா அந்தச் சதுரங்களைக் கண்டுபிடித்து, கோணலாக வைத்த காகிதத்தையும் நேராக்கிக்கொள்ளும். 1999-ல் ஜப்பானின் ஹிரோகாசு கேட்டோ உருவாக்கிய ஏஆர் டூல்கிட்டும் இப்படிக் கறுப்புச் சதுரத்தை அடையாளமாகக் கொண்டதுதான். இதற்கு வேண்டிய நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் ஒரு செமஸ்டர் புராஜெக்டாக எடுத்துச் செய்துவிடலாம். துறைத்தலைவர் ஐயா தலையாட்டுகிறார், நன்றி.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். காகிதத்தில் ஒரு கட்டம் இருக்கக் கூடாது. இரண்டு கட்டம் வேண்டும். முதல் கட்டத்துக்கு மேலே 'இந்தப் பக்கம்', இரண்டாவதற்கு மேலே 'அந்தப் பக்கம்' என்று எழுதியிருக்க வேண்டும். வெளிக்கோடும் நாம் போட்டுத் தரக் கூடாது. யானையோ, ஐயனார் குதிரையோ, டிராக்டரோ, பெயரே இல்லாத ஏதோ ஒன்றோ, பிள்ளையே வரையட்டும். சுவரில் அது நடந்துபோய்த் திரும்பும்போது, பிள்ளை போட்ட மறுபக்கம் தெரியட்டும். 'அந்தப் பக்கம்' வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே திரும்பட்டும். கம்ப்யூட்டர் நிரப்பக் கூடாது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வந்து நிரப்பும் பாருங்கள்.

இதில் இன்னும் இரண்டு நன்மை. கரண்ட் போனாலும் காகிதம் கையில் இருக்கும், கதை நிற்காது. ரிப்பேர் என்றால் நம் பையன்களே சைக்கிளில் போய்ச் சரிசெய்துவிட்டு வரலாம். வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

தலையில் மாட்டும் கருவி வாங்கியே தீர வேண்டும் என்று பொதுக்குழு நினைத்தால், ஒன்றே ஒன்று வாங்குங்கள். அதை நம் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் வந்து, குழந்தை உயரத்தில் நின்று உலகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மாலையில் கை தூக்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். நாம் கொடுக்கப் போகும் பொருள் பிள்ளையைப் பார்த்து "இதோ பார்" என்று சொல்கிறதா, "அந்தப் பக்கம் என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்கிறதா? கேட்கிற பொருளைக் கொடுப்போம். அது கம்ப்யூட்டராக இருந்தாலும் சரி, கலர் பென்சிலாக இருந்தாலும் சரி.

 இலை போட்டாச்சு என்று சைகை வந்துவிட்டது.